முதல் தொண்ணூறு விநாடி

சம்பளப் பட்டியலில் நான் பூபாலன் படையாச்சி.
தாழ்வாரத்தில் அது யாருக்கும் தெரியாது.
ஆடியோ விஷுவலைச் சுருக்கி
‘ஏவி’ என்றே கூப்பிடுகிறார்கள்.
ஏவின இடத்துக்குப் போகிறவன்.
பொருத்தம்தான்.

டர்பனில், கடலிலிருந்து ஆறு தெரு தள்ளி
எங்கள் நர்சிங் கல்லூரி.
உப்புக்காற்று முதலில் ஜன்னல் கொக்கிகளைத் தின்றது,
பிறகு கார் நிறுத்துமிடத்தின் தகரத்தை,
இப்போது என் கேபிள்களின் முனைகளை.

பதினோரு வகுப்பறை, நான்கு புரொஜெக்டர்,
சக்கரம் கோணிய தள்ளுவண்டி ஒன்று.
அது கிறீச்சிட்டதும்
கூரையில் ஹடீடா பறவைகள் பதிலுக்குத் திட்டும்.
செருகுவேன், திருகுவேன்,
நீலம் நடுங்கி எழுத்தாகும் வரை நிற்பேன்.
‘படம் வந்துடுச்சு.’
‘நன்றி, ஏவி.’
கதவைச் சாத்திவிட்டுப் போ என்பதற்கு
அதைவிட மரியாதையான சொல் இல்லை.

பத்தொன்பது வருடம்.
எல்லாப் பாடத்திலும் முதல் தொண்ணூறு விநாடி
எனக்கு மனப்பாடம்.
சிறுநீரகம் அவரை விதை மாதிரி இருக்கும்;
என்ன செய்யும் என்பது கதவுக்கு அந்தப் பக்கம்.
மலேரியாவுக்கு ஒரு கொசு உண்டு, பெண் கொசு.
வயிற்றுக்குள் குழந்தை எப்படித் திரும்பும் என்று
ஓர் அம்புக்குறி கிளம்பும்.
போய்ச் சேர்ந்ததை நான் பார்த்ததில்லை,
இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவாகியும்.

ஜூலையில் ஒரு செவ்வாய்.
பத்து மணி வரை மின்வெட்டு இல்லை என்றது அட்டவணை.
திருமணி மூட்லி மேடத்தின் வகுப்பு, இதயம்.
கேபிள் முனை தளர்ந்துபோய்
அழுத்தினால் படம் வந்தது, விட்டால் போனது.
டேப் ஒட்டினேன்.
ரப்பர் பேண்ட் போட்டேன்.
சனிக்கிழமை தோற்ற குதிரைச் சீட்டை
நாலாய் மடித்துச் சொருகினேன்.
என் கட்டைவிரலை மட்டுமே அது நம்பியது.

‘அப்படியே பிடிச்சுக்கிட்டு இருங்க ஏவி.’

முழங்காலிட்டு இருந்தேன்.
சுவரில் ஆள் உயர இதயம்
திறந்து திறந்து மூடியது.
ஸ்பீக்கரில் லப், டப்.
அது அடிக்கிற சத்தம் இல்லையாம்.
போன இரத்தம் திரும்பி வராமல்
உள்ளே கதவுகள் சாத்திக்கொள்ளும் சத்தமாம்.

‘அட’ என்று விரலை எடுத்துவிட்டேன்.

இதயம் நின்றது.
நாற்பது பேரும் ‘ஏவீ!’ என்று கத்தினார்கள்.
அழுத்தினேன், பிழைத்தது.
அன்று நான் வியந்தபோதெல்லாம்
அது செத்துச் செத்துப் பிழைத்தது.
மூன்றாவது தடவை மேடமே சிரித்துவிட்டார்.

பிறகு இன்னொரு ஒலி போட்டார்.
சரியாக மூடாத கதவு.
லப்புக்கும் டப்புக்கும் நடுவில்
இரவில் குளியலறைக் குழாய் மாதிரி ஒரு கசிவு.
சின்ன வயதுத் தொண்டை வலியைக் கவனிக்காமல் விட்டால்
இப்படி ஆகலாம் என்றார்.

ஜன்னலோரப் பெண், நொக்குலுங்கா, கையைத் தூக்கினாள்.
என் தம்பி நெஞ்சில் காது வைத்தால்
இதுதான் கேட்கும், மேடம்.
நாங்கள் அதைப் பூனை என்போம்.
உள்ளே பூனை தூங்குகிறது என்று
மாற்றி மாற்றிக் கேட்போம்.

‘இப்போ அவனுக்கு என்ன வயசு?’

‘ஒன்பதுதான் மேடம்.
எப்பவும் ஒன்பதுதான்.’

லப், கசிவு, டப்.
லப், கசிவு, டப்.
மேடம் நிறுத்தும் பொத்தானைத் தேடினார்.
ரிமோட் கீழே விழுந்தது, பேட்டரி உருண்டது.
லப், கசிவு.
அவர் என்னைப் பார்த்தார்.

விரலை எடுத்தேன்.

சுவர் நீலமாய் நின்றது.
யாரும் என்னைக் கூப்பிடவில்லை.
மேடம் போய் அவள் பெஞ்சில் உட்கார்ந்தார்.
பத்து மணிக்கு மின்சாரமும் போனது,
அதற்கும் யாரும் எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை புது கேபிள் வந்தது.
செருகியதும் நின்றுகொண்டது,
யார் விரலும் தேவையில்லை.
‘படம் வந்துடுச்சு’ என்றேன்.
‘நன்றி, ஏவி.’

கதவைச் சாத்தினேன்.
வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறை வரைக்கும்
அது லப்பா டப்பா என்று யோசித்துக்கொண்டே போனேன்.