சாவிக்காரி

எட்டரைக்கு மின்விசிறிகளை நிறுத்துவேன்.
பீடத்து விரிப்பை ஒருதரம் நீவிவிடுவேன்.
பேழைக்கு முன்னால் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிய
உம்மை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு
வீட்டுக்குப் போவேன்.
கோயில்பிள்ளை சூசைமரியான் செத்து
அவர் சாவி என் மடிக்கு வந்து
இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

தெற்குவாடிக் காற்றில் பூட்டு உப்பேறிப் போகும்.
தேங்காயெண்ணெய் விட்டுத் திருப்பணும்.
திருப்புகிற நேரம்தான் கேட்பேன்:
ஆண்டவரே, ஒரே ஒரு ராத்திரி.
பாய் வேண்டாம். கிராதியோரம் சுருண்டுகொள்கிறேன்.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
ஐந்தாம் ஸ்தலத்துப் படத்துக்குப் பின்னால் இருக்கிற பல்லிமேல்
எனக்குப் பொறாமை.
அதை யாரும் வீட்டுக்குப் போகச் சொல்வதில்லை.

கார்த்திகையில்
பாம்பனில் ஏழாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
ஆண் கடலும் பெண் கடலும் ஒரே தொண்டையில் கத்தின.
பங்குச்சாமி போன் பண்ணினார்,
"கோயிலத் திறந்து விட்ரும்மா."
திறந்தேன்.

ஜனம் வந்தது.
ஆடு வந்தது, ஐஸ்பெட்டி வந்தது,
பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒரு எஞ்சின் வந்தது.
பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் அரிசி மூட்டை.
செல்போனில் மிச்சமிருந்த சார்ஜுக்குச் சண்டை.
வெரோணிக்கம்மாள் துணியோடு நிற்கிற ஸ்தலத்தில்
யாரோ ஒரு பிள்ளையின் ஈரச் சட்டையைக்
காயப்போட்டிருந்தார்கள்.

ஹமீதா பீவி மருமகளோடு வந்தாள்.
விடியக்காலை, தூணுக்கு அந்தப் பக்கம்,
துப்பட்டியை விரித்துக்கொண்டு
"மேற்கு எது?" என்று மட்டும் கேட்டாள்.
வாசலைக் காட்டினேன்.
சாத்தின கதவைப் பார்த்து
அவள் நிதானமாகத் தொழுது முடித்தாள்.
எனக்குத்தான் முடியவில்லை.

மூன்று ராத்திரி உம் வீட்டில் தங்கினேன்.
ஒரு பரலோக மந்திரம்கூட முழுசாகச் சொல்லவில்லை.
"அன்றாட அப்பம்" வரைக்கும் வருவேன்,
யாராவது தண்ணீர் கேட்பார்கள்.
வாந்தி அள்ளினேன்.
ஓடு ஒழுகிய இடத்தில் ஞானஸ்நானத் தொட்டியை
நகர்த்தப் பார்த்தேன், நகரவில்லை, குண்டானை வைத்தேன்.
பேழையை ஏறிட்டுப் பார்த்த ஞாபகம் இல்லை.

இரண்டாம் ராத்திரி, மணி என்ன இருக்கும், தெரியவில்லை,
ஸ்டீபனின் கைப்பிள்ளை பாலுக்கு அழுதது.
தீப்பெட்டியெல்லாம் நமத்துவிட்டது.
நான் எழுந்து போய்
உம் விளக்கிலேயே திரியைப் பற்றவைத்து
அடுப்பை மூட்டினேன்.
பால் பொங்கினது.
உம்மிடம் கேட்கவில்லை.
கேட்கணும் என்று தோன்றவும் இல்லை.

நாலாம் நாள் கடல் படுத்துக்கொண்டது.
சனம் மூட்டையைக் கட்டியது.
முப்பது குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவியும்
கருவாட்டு வாசம் போக ஒரு வாரம் ஆனது.
எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.
பல்லியைத்தான் காணோம்.

இப்போதும் எட்டரைக்குப் பூட்டுகிறேன்.
தங்கிப் பார்த்தவளுக்கு ஏக்கம் தீரும் என்பார்கள்.
பொய்.
முன்னால் நெஞ்சில் மட்டும் இருந்தது,
இப்போது கையிலும் இருக்கிறது.

நேற்று கரண்ட் போனது.
வீட்டில் இருட்டுக்குள் தீப்பெட்டியைத் தேடினேன்.
கை தானாக மேலே போய்
சுவர்ப்பக்கம் நின்றது,
உம் விளக்கு இருக்கிற
அதே உயரத்தில்.