ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்

படிவத்தின் நான்காம் பக்கம் கேட்கிறது:
காட்டுத்தீயை ஏன் ஆராய்கிறீர்கள்?
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்.

ஃபேர்பேங்க்ஸில் பிற்பகல் மூன்று. இருட்டிவிட்டது.
வெளியே கழித்தல் முப்பத்தொன்று.
எஞ்சின் உறையாதிருக்க
காரை மின்கம்பியில் கட்டிப் போட்டிருக்கிறேன்,
மாட்டைக் கட்டுவதுபோல.
ஆய்வகத்தில் சூடாயிருப்பது அடுப்பு ஒன்றுதான்.
உள்ளே நாற்பத்திரண்டு தகர டப்பாக்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு பிடி பாசி.
ஈரமாய் நிறுத்தேன். காய்ந்தபின் மறுபடி நிறுப்பேன்.
குறைவது தண்ணீர்.
இரண்டு வருடமாய் இதைத்தான் செய்கிறேன்.
இதை எப்படி ஐந்நூறுக்கு நீட்டுவது?

முதல் வரைவில் பொய் எழுதினேன்:
'சிறுவயது முதலே தீ என்னை ஈர்த்தது.'
அழித்தேன்.
சிறுவயதில் என்னை ஈர்த்தது ஐஸ் ஹாக்கி.
தீக்குப் போனது சம்பளத்துக்கு,
அபாயப்படி தனி.

மூன்று கோடை. இருபது பேர் அணி.
கறுத்த பற்கள், ஈரம் காயாத காலுறை,
கொசு தின்ற கழுத்து.
மூன்றாம் ஆகஸ்டில் மழை வந்தது.
அணைந்தது என்று எழுதிக்
கையெழுத்திட்டு வீட்டுக்குப் போனோம்.

மே மாதம், பனி முழுதாய் உருகும் முன்பே,
அதே ஆற்றின் அதே வளைவில் புகை.
மின்னல் இல்லை. மனித நடமாட்டமும் இல்லை.
எட்டு மாதம்
பனிக்குக் கீழே, பாசிக்கும் கீழே,
கரிமண்ணை மென்றுகொண்டு
சாகாமல் கிடந்திருக்கிறது.
நீறு பூத்த நெருப்பு என்பது பழைய பேச்சு.
இது பனி பூத்த நெருப்பு.

ஒருவன் கேட்டான்:
'இது நம்முடையதா, புதுசா?'
இருபது பேரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தோம்.

இவ்வளவுதான் என் காரணம்.
எண்ணிப் பார்த்தேன்,
நூறு சொல்கூடத் தேறவில்லை.

உதவித்தொகைக்கு லயல் டெமோஸ்கி என்று பெயர்.
ஆண்டுக்கு ஒருவருக்கு, மூவாயிரம் டாலர்.
லயலை நான் பார்த்ததில்லை.
யூகோன் கரையில் ஓர் ஊர்.
காற்றே இல்லாத ஒரு பகலில்,
அவன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது,
பச்சையாய் நின்ற ஸ்ப்ரூஸ் மரம் சாய்ந்தது.
வேர்கள் மண்ணுக்குள்ளேயே வெந்திருந்தன.
ஊர்க்கூடத்தில் சால்மன் சூப் விற்று,
பரிசுச்சீட்டு விற்று,
அவன் அம்மா வெர்னா சேர்த்த பணம் இது.

கடைசிப் பக்கத்துக் கேள்வி
பல்கலைக்கழகம் எழுதியதாய்த் தெரியவில்லை:
நீ கண்டுபிடிப்பது எங்களுக்கு எப்போது தெரியும்?

அதற்குச் சொல்வரம்பு இல்லை.

'இரண்டாண்டில் ஆய்விதழில் வெளியாகும்' என்று எழுதினேன்.
ஒரு கட்டுரை படிக்க நாற்பது டாலர்,
அந்த ஊரில் இணையம் பாதி நாள்தான்.
அழித்தேன்.
அடுப்பு டிக் டிக் என்றது.
பிறகு எழுதினேன்:

கையுறையைக் கழற்றி
மரத்தின் அடிமண்ணில் கை வையுங்கள்.
சூடு இருந்தால் அங்கே உட்கார வேண்டாம்,
இலை எவ்வளவு பச்சையாய் இருந்தாலும்.
எத்தனை ஈரத்தில் அந்தச் சூடு சாகும் என்பது
எனக்கு இன்னும் தெரியாது.
டப்பாக்கள் காயவில்லை.

அனுப்பினேன். நெட்டா கிம்பல் என்று பெயரிட்டு.

ஏப்ரலில் கடிதம் வந்தது.
வருந்துகிறோம்.
இம்முறை தேர்வானவர் அன்கரேஜில் ஒருவர்,
புகையையும் குழந்தைகளின் நுரையீரலையும் ஆராய்பவர்.
நியாயம்தான். நானும் அவருக்கே கொடுத்திருப்பேன்
என்று சொல்லிக்கொண்டே
வாடகைக் கணக்கை மறுபடி போட்டேன்.
வரவில்லை.

தாளை மடிக்கும்போதுதான் கண்டேன்:
தட்டச்சு வரிகளுக்குக் கீழே
பென்சிலில், அழுத்தி எழுதிய கை:

'மே மாதம் வா. மரம் விழுந்த இடத்தைக் காட்டுகிறேன்.
போன வசந்தத்திலும் அங்கே தரை கதகதத்தது.
யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இருந்தேன்.
நல்ல பூட்ஸ் போட்டு வா. வெர்னா.'

அலமாரியைத் திறந்து
டப்பாக்களை எண்ணினேன்.
இன்னும் ஆறு
தனியாக எடுத்து வைத்தேன்.