ஏழாம் அப்பனின் மகள்கள்

நாகல்கேணித் தோல் கிடங்கில்
கழிவுத் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும்.
கறுப்பாக, முரடாக இருந்தால் நல்லது என்பேன்.
"செருப்புக்கா?" என்றார் சாதிக் பாட்சா.
"கொட்டு வாங்க" என்றேன்.
அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்டதில்லை.

பல்லாவரம் கல்லூரி மொட்டைமாடி.
கீழே புங்கை பூத்துக் கொட்டும் சித்திரை.
மூன்று பெட்டிகள்.
குச்சி நுனியில் தோலைக் கட்டி
வாசலுக்கு முன்னே ஒரு நிமிடம் ஆட்டுவது என் வேலை.
தைத்த கொடுக்குகளை இடுக்கியால் பிடுங்கி
எண்ணுவதும் என் வேலைதான்.
ஒரு கொடுக்கு, ஒரு சாவு,
நோட்டில் ஒரு கோடு.

கொடுக்கோடு ஒட்டிவந்த துணுக்குச் சதையில்
அப்பன் பெயர் இருக்கிறது.
பெயர் என்றால், எண்.
முதல் பெட்டியின் ராணி
கல்யாண வெயிலில் மேலே பறந்து
பதினான்கு பேரைச் சேர்ந்தாள்.
பதினான்கு பேரும் அங்கேயே விழுந்து செத்தார்கள்.
அவர்களுடைய கோபமும் நிதானமும் மட்டும்
அவள் வயிற்றில் கீழே இறங்கி வந்தன.

ஏழாம் அப்பனின் மகள்களுக்கு
நிழல் அசைந்தால் போதும்.
மூன்றாமவன் மகள்கள் வாசலில் நின்று
வருகிறவளை முகர்ந்து பார்ப்பதோடு சரி.
பதினொன்றாமவன் மகள்களோ
பெட்டியையே தட்டினாலும்
புழுவுக்கு ஊட்டிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாம் பெட்டி ராணிக்கு
ஊசி வழியாக ஒரே ஒரு அப்பன்,
முன்கோபக்கார வம்சம்.
மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானத்தின் நிழல்
மாடியை ஒரு கணம் துடைத்துப் போனது.
பெட்டியே வெளியே வந்துவிட்டது.
எதிரி இல்லை.
கறுப்புத் தண்ணீர்த் தொட்டி இருந்தது.
சாயங்காலம் முறம் நிறையக் கூட்டி அள்ளினேன்.

மூன்றாம் பெட்டிக்கும் ஒரே அப்பன். சாது.
குளவி ஒன்று வந்தது. மறுநாள் நான்கு.
உள்ளே அமைதி.
அந்த அமைதியைத் திறந்து பார்த்தபோது
தேன் இருந்தது, ஆள் இல்லை.

முதல் பெட்டிக்கும் அதே நிழல், அதே குளவி.
நிழலுக்கு ஆறு பேர் எழும்பி, சுற்றி, திரும்பினார்கள்.
குளவிக்கு முதலில் பதினொரு பேர்.
அப்புறம் அந்த வாசனை,
அழுகப்போகும் வாழைப்பழ வாசனை.
அது அடர்ந்த பிறகுதான்
நான்காமவன் மகள்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள்.
மற்றவர்கள் ஊட்டினார்கள், விசிறினார்கள், மெழுகு பூசினார்கள்.
"உள்ளே இருப்பதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளா மேடம்?" என்று
முதலாண்டு மாணவன் ஒருவன் கேட்டான்.
முறத்தைக் காட்டினேன்.

அட்டவணை இப்படி அழகாகப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள்,
சட்டத்தைத் தூக்கும்போது கை வழுக்கி
அடையில் இரண்டு விரற்கடை நசுங்கியது.
ஒருத்தி நேராக என் இமைக்கு வந்தாள்.
கண் மூடிப்போகுமுன் கொடுக்கை எடுத்துக் குப்பியில் போட்டேன்,
பழக்கதோஷம்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது.
ஏழு இல்லை.
பதினொன்று.

ஹெப்சிபா டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:
"குறைவு என்றுதானே எழுதினோம்,
இல்லை என்றா எழுதினோம்?"

அன்று மாலை தாம்பரம் வண்டி.
மகளிர் பெட்டியில் மூச்சு விட இடமில்லை.
பூ கட்டுகிறாள் ஒருத்தி. போனில் சண்டை போடுகிறாள் ஒருத்தி.
நின்றபடியே தூங்குகிறாள் ஒருத்தி.
எதிர் இருக்கைக்காரி பையைத் திறந்து
வாழைப்பழம் உரித்தாள்.

அத்தனை பேர் இருந்த அந்தப் பெட்டியில்
விருட்டென்று எழுந்து நின்றது
நான் ஒருத்திதான்.