பதினொரு நிமிசம்

காங்கயம் ரோட்டுக் கம்பெனியில்
செக்கிங் டேபிளுக்கு வந்திருக்கும் சப்பான்காரி
பேர் ரிட்சுகோ.
ஓவர்லாக்கில் ஒரு தையல் விலகியிருந்தாலும்
அவள் விரல் அங்கேயே நின்றுவிடும்.
திட்டமாட்டாள். பனியனைத் திருப்பி வைப்பாள், அவ்வளவுதான்.

டீ நேரத்தில் போனில் ஒரு படம்:
வெள்ளைத் தரை, அத்தனையும் ஐஸ்.
முகத்துக்கு இரும்புக் கூண்டு,
காலுக்குப் பஞ்சு மூட்டை மாதிரி ஏதோ.
"ஏனுங் அம்மிணி, நீங்களா இது?"
அவள்தான்.
ஆனால் ரெண்டாவது கோல்கீப்பர்.
பதினாலு வருசம்
ஆள் மாறும்போதெல்லாம்
பலகைக் கதவைத் திறந்துவிட்டு மூடினது அவள் வேலை.
நாட்டுக்காக வலைக்கு முன்னால் நின்றது
மொத்தம் பதினொரு நிமிசம்.
எத்தனை தடுத்தீங்க என்றாள் துளசிமணி.
நாலு விரல்.
எத்தனை விட்டீங்க என்று யாரும் கேட்கவில்லை.
அவளாகவே ஒரு விரலைக் காட்டி
வர்க்கியை டீயில் நனைத்தாள்.

சித்திரை வெயில். எங்களுக்கு மோர் கரைக்க
ஐஸ் பாறை வந்தது டெம்போவில்.
இறக்கும்போது கை நழுவி
ஈரச் சரிவில் விட்டது பாருங்கள் ஓட்டம்,
கீழே ஒசாகாவுக்குப் போகிற அட்டைப்பெட்டிகள்,
சூப்பர்வைசர் தலையில் கை வைத்தார்.
எங்கிருந்து வந்தாளோ,
பக்கவாட்டில் விழுந்து
ரெண்டு காலையும் ஒட்டிப் போட்டாள்.
தொம்.

"அஞ்சு" என்றாள் துளசிமணி.

டெம்போ வெளியே போக வேண்டும்.
கேட்டைத் திறக்க வாட்ச்மேன் ஓடினார்.
பேன்ட் நனைய, ஒரு கை ஐஸின் மேலே,
ரிட்சுகோ எழவில்லை.