முதலாளி எங்கே?

சொலோங்கோ,
மூன்றே மூன்று யோசனை சொல் என்று கேட்டிருந்தாய்.
விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.
சுட்டுவிரல் நகம் பிப்ரவரியிலேயே போய்விட்டது,
லாரி ரிம்முக்கும் நெம்புகோலுக்கும் நடுவில்.
எண்ணிக்கையை விட்டுவிடுவோம்.

சாயின்ஷாண்டைத் தாண்டி
சீன எல்லைக்குப் போகும் சாலையில்
பழைய சரக்குப் பெட்டகம் ஒன்று, அதுதான் கடை.
நெற்றியில் "டயர்" என்று எழுதினேன்,
என் பேரை எழுதுமுன் பெயிண்ட் தீர்ந்தது.
இன்றுவரை யாரும் பேரைக் கேட்கவில்லை.
கேட்பதெல்லாம் ஒன்றுதான்:
"முதலாளி எங்கே?"

முதல் மாதம் "நான்தான்" என்றேன்.
சிரித்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.
அலுத்துப்போய், அடுத்த மாதம்
"இதோ வந்துடுவார்" என்று சொல்லிக்கொண்டே
வேலையை முடித்துக் காசை வாங்கினேன்.
சுலபமாக இருந்தது.
அதுதான் தப்பு.
வராத ஒருத்தனிடம்
ஒரு வசந்தம் முழுக்கக் கூலிவேலை பார்த்திருக்கிறேன்.

வங்கியில் கணவர் கையெழுத்து கேட்டார்கள்.
அவர் எர்டெனெட்டில், வேறொருத்தியின் சமையலறையில்.
இரண்டு ஒட்டகங்களை விற்றேன்.
குட்டியோடு இருந்ததை விற்கவில்லை.
புத்திசாலித்தனமா என்று கேட்காதே,
அதற்கு நல்ல விலை வந்திருக்கும்.

குளிர்காலத்தில்
காற்றுக் குழாயைப் போர்வைக்குள் வைத்துத் தூங்குகிறேன்,
இல்லையென்றால் விடியலில் விறகுபோல ஒடிந்துவிடும்.
நீ வைக்கப்போவது இரண்டு நாற்காலி சலூன்.
உன்னுடைய குழாய் எது என்று
முதல் பனிக்கு முன்னால் கண்டுபிடித்துக்கொள்.

புத்தாண்டுக்கு மச்சினன் பாட்ஹுயாக் ஜீப்போடு வந்தான்.
நாலு சக்கரமும் சொங்கி.
"காற்றுக்குக்கூடவா காசு?"
"காற்று சும்மாதான்.
அதை உள்ளே அடைத்து வைக்கிறேனே, அதற்கு."
அவன் கொடுத்தான்.
அவன் அம்மா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.
தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு.
மாமியார் வாயோ தனி இலாகா.

கடன் நோட்டில் முப்பத்தேழு பேர் இருக்கிறார்கள்.
உனக்கு "கடன் இல்லை" என்று பலகை எழுதித் தருகிறேன்.
என் கடையில் மாட்ட
எனக்கு இன்னும் கை வரவில்லை.
மைனஸ் முப்பதில், வண்டிக்குள் குழந்தையோடு நிற்பவனிடம்
பலகையைக் காட்டிப் பார், தெரியும்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.
போன இலையுதிர் காலத்தில்
எட்டு நாள் போணியே ஆகவில்லை.
ஆணி டப்பாவைப் பார்த்தேன்.
சாலையைப் பார்த்தேன்.
மறுபடி ஆணி டப்பாவை.
ஒரு கைப்பிடி போதும்,
இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்.

அள்ளவில்லை.
நாற்காலி போட்டு ஏறி
அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டேன்.
இப்போது ஒரு படம் மாட்ட ஆணி வேண்டுமென்றாலும்
அதே நாற்காலியை இழுக்க வேண்டியிருக்கிறது,
அந்த எட்டு நாளும் கூடவே இழுபட்டு வருகிறது.

போன வாரம் ஒரு நிலக்கரி லாரி.
நான் அடியில் படுத்திருந்தேன்.
இரண்டு பூட்ஸ் வந்து நின்றது.
"முதலாளி எங்கே?"
"உன் லாரிக்கு அடியில் இருக்கிறாள்.
ஜாக்கில் கை வைக்காதே."
பூட்ஸ் ஓரடி பின்னால் போனது.
அதற்கப்புறம் என்னை அக்கா என்றான்.
கூலியைக் குறைக்கச் சொல்லவும்தான் அப்படிக் கூப்பிட்டான்.
குறைக்கவில்லை.

இரு,
ஏதோ வண்டி ஓரம் கட்டுகிறது.
பின்பக்கம், இடது, உள்சக்கரம்.
சத்தத்திலேயே தெரிகிறது.
இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை,
உனக்கு எப்படிச் சொல்லித் தருவது என்றும் தெரியவில்லை.
வாடகை பேசும்போது
உட்கார்ந்து பேசு.