நவம்பர் படிவம்

நவம்பர் வந்தால்
நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதித் தர வேண்டும்.
அடுத்த தாளில்
நான் யாரோடும் இல்லை என்று.

மஸ்கட் தூதரகம், டோக்கன் அறுபத்தேழு.
கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் பையன்
பாஸ்போர்ட்டைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான்,
அந்தக் கேள்வியை மட்டும் மேசையைப் பார்த்துக் கேட்கிறான்.
நல்ல பிள்ளை. கூச்சம்.
இல்லை என்கிறேன்.
முத்திரை விழுகிறது.

வெளியே, வண்டியில் ஏசியைப் போட்டபடி தாவீது.
சோஹார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
இருநூறு கிலோமீட்டர் வந்திருக்கிறார்,
அவர் இல்லை என்று நான் கையெழுத்துப் போட.

எதிராஜ் போனது மணலால்.
பாலாற்றங்கரைச் சாவடி, இரவு இரண்டே கால்.
கை காட்டினார். லாரி நிற்கவில்லை.
வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள்.
தொப்பியைத் தட்டில் வைத்துத் தந்த அதிகாரி
'நாங்க இருக்கோம்மா' என்றார்.
இருக்கிறார்கள்தான்,
ஆண்டுக்கொரு முறை என் கட்டிலை எட்டிப் பார்க்க.

இங்கு வந்த முதல் வாரம்
காலா முகாம் ஜன்னல் விளிம்பை
ஈரத்துணியால் துடைத்தபோது சிரித்துவிட்டேன்.
இத்தனை மணல்.
சும்மா, காவலுக்கு ஆளில்லாமல்.

ரூவியில் ஜுலைகாவின் தையல்கடை.
வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்தபின்,
ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்.
கூட்டம் போடக் கூடாத ஊர்;
அதனால் அளவெடுக்க வருகிறோம்.
மார்பு முப்பத்தாறு, கை பதினொன்று
என்று ஒருத்தி உரக்கச் சொல்லிக்கொண்டிருக்க
மனுவை இன்னொருத்தி படிப்பாள்.
வெள்ளத்தில் படகோடு போன ஏட்டின் மனைவி,
கலவரத்தில் கல் பட்ட காவலரின் மனைவி,
ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் ஜெசிந்தா.
'கருணை கூர்ந்து' என்று நான் எழுதியிருந்ததை
ஜுலைகா தையல் சாக்பீஸால் அடித்தாள்.
'கருணையா கேக்குறோம்?
சம்பளப் பாக்கி.'

மூன்று வெள்ளி இழுத்தது ஒரே ஒரு பத்தி:
அவர் இறந்தது ஆயுள் முழுமைக்கும்.
நாங்கள் மறுமணம் செய்துகொண்டால்
அவர் எழுந்து வந்துவிடுவதில்லை.
அன்றைய தேதியிலிருந்து
மகளின் கல்லூரிக் கட்டணத்தை
அவர் வந்து கட்டுவாரா?
ஆகவே 'மறுமணம் வரை' என்பதை எடுத்துவிட்டு
'ஆயுள் வரை' என்று போடவும்.

செல்லத்தாய் போடவில்லை.
'இன்னொருத்தன் சோறு போட்டா
செத்தவன் காசு எதுக்கு?' என்றாள்.
யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை.
மின்விசிறி சுற்றியது.
'இன்னொருத்தன் சோறு போடணும்னு
யாருடி சொன்னது' என்றாள் ஜெசிந்தா, தாமதமாக,
அவள் செருப்பு மாட்டியபிறகு.

அடுத்த வெள்ளி வந்தாள்.
பையிலிருந்து மயில்கழுத்து நிறத்தில்
ரவிக்கைத் துணி எடுத்தாள்.
ஒன்பது வருடமாக வெளிர்நிறம் தவிர உடுத்தாதவள்.
உண்மையாகவே அளவெடுக்க நின்றாள்,
கைகளை விரித்து.
டேப் கழுத்தில் இருக்கையில்
மெல்லக் கேட்டாள்:
'எத்தனை பேர் ஆச்சு?'

நாற்பத்தொன்று.
அதில் எத்தனை பேருக்கு
வெளியே வண்டி நிற்கிறது என்று
நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை.
படிவம் கேட்பது போதும்.

நாளை ஜெசிந்தா சென்னை விமானம் ஏறுகிறாள்.
பேரீச்சம்பழப் பெட்டிகளுக்கு அடியில்
தாள்களைப் பரப்பி ஒட்டியிருக்கிறோம்.
கோட்டையில் எந்த மாடி, எந்த மேசை,
எத்தனை நவம்பர், தெரியாது.

வழக்கமாகப் பின்சீட்டில்தான் ஏறுவேன்,
டாக்சிப் பயணி மாதிரி.
தூதரகச் சாலை முடிந்து
ரவுண்டானா தாண்டிய பிறகு
வண்டியை ஓரங்கட்டி, முன்னால் மாறுவேன்.
மூன்று வருடமாக இந்த ஒழுங்கு.

இன்று பின்சீட்டு முழுக்கப் பெட்டிகள்.
தாவீது ஒன்றும் சொல்லவில்லை.
எட்டி, முன்கதவைத் திறந்தார்.
வாசலில் காவலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
கையில் முத்திரை ஈரம் காயாத தாள்.
வெயில். கதவு திறந்திருப்பதால்
வண்டியின் குளிர் வீணாகப் போகிறது.
ஏறுகிறேன்.