மனை எண் பதினான்கு

தீர்மானப் புத்தகத்தில் நான் எழுதியது
இரண்டே வரி.
பொருள் ஒன்பது: புல எண் 112/3பி, நஞ்சை,
நான்கு ஏக்கர் அறுபது சென்ட்,
மனைப்பிரிவுக்குத் தடையின்மைச் சான்று
தருவதற்கில்லை.

அந்தக் கடைசிச் சொல் வந்துசேர
இரண்டு மணி நேரம் கத்தினார்கள்.
நாற்காலி ஒன்று உடைந்தது.
அதையும் எழுதினேன், தளவாடப் பதிவேட்டில்.

கற்கள் அதற்கு முன்பே நட்டாயிற்று.
மஞ்சள் பெயிண்ட், கறுப்பில் எண்.
அறுபத்து நான்கு மனை, முப்பதடிச் சாலை,
பூங்காவுக்கென்று விட்ட இடத்தில்
ஒரே ஒரு கருவேலங்கன்று.
விளம்பரப் பலகையில் கோரையாறு ஓடியது,
அது ஒருநாளும் உடுத்தியிராத நீலத்தில்.

அடுத்த ஊராட்சியில் நாற்பது ஏக்கர் போய்விட்டது.
எங்கள் எல்லையில் நின்றால்
இரவில் அவர்கள் தெருவிளக்கு தெரியும்.
விளக்கு இருக்கிறது, தெரு இருக்கிறது.
வீடு இன்னும் வரவில்லை.

நிலத்துக்காரர் மறைமலைநகரிலிருந்து போன் செய்தார்.
"விக்க விடலேன்னா நீங்களே உழுதுக்குங்க!"
கோபத்தில் சொன்னதைத்
தலைவர் பூங்கோதை
சம்மதமாக எடுத்துக்கொண்டார்.
மறுநாளே பத்திரத்தாளோடு ரயிலேறிப் போய்
மூன்று வருடக் குத்தகைக்குக்
கையெழுத்து வாங்கி வந்தார்.
என்ன பேசினாரோ, கேட்டால் சிரிக்கிறார்.

விண்ணப்பம் மூன்று வந்தது.
ஷார்ஜாவில் ஏ.சி. மாட்டிய ரியாசுதீன்.
லாரியை விற்றுவிட்ட அந்தோணிசாமி.
திருப்பூரில் காலர் தைத்த தமயந்தி.
"முன் அனுபவம்?" என்றார் வேளாண்மை உதவி அலுவலர்.
"நாளைக்கு ஆயிரத்து இருநூறு காலர்" என்றாள் தமயந்தி.
எழுதிக்கொண்டார். நல்ல மனுசன்.

இதே வயலில் அவள் அம்மா
இருபது வருடம் நடவு நட்டவள்.
ஒருநாளும் மடையில் கை வைத்ததில்லை.
தண்ணீர் எப்போது என்பது
வரப்பில் குடையோடு நின்றவர் வேலை.

கணினிக்கு இதெல்லாம் தெரியாது.
பட்டா எண் கேட்டது.
இல்லை என்றதும் சிவப்பாகி
விவசாயியே இல்லை என்றது.
சாகுபடிச் சான்றுக்கு நான்கு முறை நடந்தேன்.
மூன்றாம் முறை கையெழுத்து கிடைத்தது,
முத்திரை இல்லை.

கார்த்திகையில் கொட்டித் தீர்த்தது.
அந்தோணிசாமியின் பங்கு ஆறு நாள் நீருக்கடியில்.
ஏழாம் நாள் வந்து பார்த்தார்,
எதுவும் பேசவில்லை,
இப்போது வேறொருவர் லாரி ஓட்டுகிறார்.
ஆண்டறிக்கையில் அவருக்கு ஒரு கட்டம் தேடினேன்.
'பயனடைந்தோர்' என்று ஒன்றுதான் இருந்தது.

தணிக்கை வருகிறது என்றார்கள்.
பிடுங்கிய கற்களை எண்ணினேன்,
அலுவலகக் கொல்லையில் அறுபத்து மூன்று.
ஒன்று குறைந்தால் என் சம்பளத்தில் கைவைப்பார்கள்.
செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் போனேன்.

தமயந்தியின் மடைவாயில் கிடந்தது,
குப்புற, பாசியேறி.
இரவில் அடைக்க உருட்டி வைக்கிறாள்.
விடிந்ததும் காலால் ஒரு தள்ளு,
பதினான்காம் மனையின் மேலேறித்
தண்ணீர் உள்ளே போகிறது.

"எடுத்துக்கணுமா சார்?" என்றாள்.
கை முழங்கை வரை சேறு.

பதிவேட்டில் எழுதினேன்:
இருப்பு அறுபத்து மூன்று.
ஒன்று, பயன்பாட்டில்.